செம்புத் தண்ணீருடன் கழுகுமலைக்கு

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கியபோது சேட்டின் சந்தனப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான்தான். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கப்பல் சமையல்காரன் கடைசி நேரத்தில் ஒரு தட்டு இறால் பொரியல் கொண்டுவந்து வைத்தான். அதை முடிக்கிற அவசரத்தில் மற்றச் சாமான்களை எல்லாம் எண்ணிப் படகில் ஏற்றினேன். பெட்டியை மட்டும் மறந்தேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். கொழும்பு செட்டியார் தெருவில் சேட்டின் முத்துக்கடையில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் வேலை. சேட் குஜராத்தி, ஜைனர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். எறும்பு ஊருகிற இடத்தில் கால் வைக்கமாட்டார். முத்து எடுக்கும்போது சிப்பி சாகிறதே, அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க எனக்குப் பத்து வருஷமாக ஆசை. சம்பளம் தருகிறவரிடம் எப்படிக் கேட்பது? தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று வெகு காலம் ஆகியிருந்தது. கடைசியாக எடுத்த முத்தில் கொஞ்சம் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான், உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பங்குனி மாதத்தில் நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

சேட்டுக்கு ஒரு விரதம் உண்டு. தினமும் குளித்துவிட்டுத் தன் தீர்த்தங்கரர் உருவத்தைப் பார்த்துக் கும்பிடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். சூரியன் அஸ்தமித்தால் மறுபடி வாயைக் கட்டிவிடுவார். தண்ணீர்கூடக் கிடையாது. அந்த உருவம், விரல் நீள வெண்கலச் சிலை, நான் விட்டுவிட்டு வந்த பெட்டிக்குள் இருந்தது.

பெட்டி இல்லை என்பது, தங்குமிடத்தில் அவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து கையை நீட்டியபோதுதான் தெரிந்தது. படகுத்துறைக்கு ஓடினேன். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. ஐந்து மைல் தள்ளி நிற்கும். எங்கள் கப்பல் அங்கேயும் நிற்கவில்லை. அது பம்பாய் போகிற கப்பல். நங்கூரம் தூக்கிப் போய்விட்டது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். பம்பாயில் இருக்கும் சேட்டின் தம்பிக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

சேட் கோபிக்கவில்லை. "போனது போகட்டும். இந்த ஊரில் எங்கள் கோயில் ஏதாவது இருக்கிறதா, விசாரி" என்றார். அவர் பேசுவது பாதி இந்துஸ்தானி, பாதி கொழும்புக் கடைத்தெருத் தமிழ். படிப்பவர்கள் வசதிக்காக நான் நல்ல தமிழில் எழுதுகிறேன். அவர் என் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சூசை எங்களுக்குக் கிடைத்தது அப்போதுதான். கப்பலில் வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். நாற்பது வயது, கழுத்தில் ஜெபமாலை, வெள்ளை டிரில் சட்டை. வாசலில் அவன் கார் நின்றது. பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்குப் பயந்து, பின்பக்கம் ஓர் ஆள் உயர இரும்பு உருளையைக் கட்டி, கரி எரித்து அந்த வாயுவில் ஓட்டுகிற வண்டி. கொழும்பில் இந்த ஜாதி வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு புகை விடுகிற ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு வண்டிய எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. காலையில ஊரு, மத்தியானத்துக்கு மேல கழுகுமல" என்றான்.

"மலையில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"பாறை முச்சூடும் சாமிதான். காலை மடக்கி வரிசையா உக்காந்திருக்கும். சமணச் சாமின்னு வாத்தியாருமாரு சொல்லுதாவ. அந்தக் காலத்துல சாமியாருமாரு மடம் கணக்கா அங்கனயே தங்கிப் படிச்சிருக்காவ."

சேட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சமணம்" என்ற சொல் அவருக்குப் புரிந்தது. உடனே போகலாம் என்றார். சூசை தலையை ஆட்டினான். "இப்பப் போனா பாறையில கால் வைக்க முடியாது மொதலாளி. கொப்புளிச்சுரும். வெயில் தாழ்ந்துதான் ஏறணும். நான் எப்பவும் அப்படித்தான் கூட்டிட்டுப் போறது."

விரத விஷயத்தை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சேட் கண்ணால் தடுத்தார். விரதத்தைத் தண்டோரா போடக் கூடாதாம். எனக்கும் இறால் கதையை ஊரார் அறிய வேண்டாம் என்றிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அன்று நான் செய்த இரண்டாவது பிழை அது.

சேட்டுக்காகத் தண்ணீரைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஒரு பெரிய பித்தளைச் செம்பில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மலையில் சாமியைப் பார்த்த கையோடு குடிக்கட்டும் என்ற எண்ணம்.

சூசை ஊரைக் காட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஊரைக் காட்டுவான் என்பது போல முதலில் மாதா கோயிலுக்குக் கொண்டுபோனான். உள்ளே போய் முழந்தாளிட்டுவிட்டு வந்துதான் பேச ஆரம்பித்தான். சேட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். வெளியே மீன் கூடையோடு போன இரண்டு பெண்கள் அவர் தலைப்பாகையைப் பார்த்து, "ஏளா, ராசா கணக்கா இருக்காருல்லா" என்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அடுத்தது சங்குக் கிடங்கு. முத்து வியாபாரி என்றால் சங்கும் பிடிக்கும் என்று சூசை தானாகவே முடிவுசெய்துவிட்டான். சதை அழுகிக்கொண்டிருந்த சங்குக் குவியலின் நாற்றம் தெருமுனையிலேயே எங்களை வரவேற்றது. எங்கள் ஊரில் கருவாடு காயும் கரையில் வளர்ந்த எனக்கே குமட்டியது. வெறும் வயிற்றுக்காரர் சேட் என்ன பாடுபட்டாரோ, தலைப்பாகை நுனியால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். அங்கே ஒருவர் ஓட்டை போட்ட பலகை ஒன்றில் சங்குகளை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைக்குள் புகுந்து விழுகிற சின்னச் சங்கு, உயிர் இருந்தால், திரும்பக் கடலுக்கே போய்விடுமாம். இதைக் கேட்டதும் சேட் மூக்கிலிருந்து துணியை எடுத்துவிட்டு, "உண்மையாகவா? உயிரோடு விடுகிறார்களா?" என்று மூன்று தரம் கேட்டார். அன்று காலையில் அவர் முகம் மலர்ந்தது அந்த ஓரிடத்தில்தான்.

உப்பளங்களையும் பார்த்தோம். ஆனையிறவு உப்பு பார்த்தவனுக்கு அது புதுமையில்லை. ஆனால் பரப்பு பெரிது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் ஒரு ரொட்டிக் கடையில் சூசை வண்டியை நிறுத்தி, முந்திரிப் பருப்பில் செய்த மக்ரூன் என்ற பண்டத்தை வாங்கச் சொன்னான். சர்க்கரைக்கு அந்தத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் எப்படிச் செய்தார்களோ, வாயில் வைத்ததும் கரைந்தது. காரின் பின்புறம் புகைக்குள் நின்றுகொண்டு ஆறு தின்றேன். பட்டினி கிடக்கிற மனிதர் முன்னால் தின்னக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு. தின்னாமலே இருக்கிற அளவுக்கு இல்லை.

ஒரு மணிக்கு மேல் மலைக்குப் புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டியதும் கரிசல் பூமி தொடங்கியது. வெடித்துக் கிடந்த கறுப்பு மண், அங்கங்கே பருத்திச் செடி, பிறகு பனை, பனை, பனை. பனையைப் பார்த்ததும் யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. ஆனால் எங்கள் பனை கிணற்றடித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும். இங்கே சுற்றிலும் தண்ணீரின் அடையாளமே இல்லை. சேட் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் என் மடியில் செம்பு களக் களக் என்றது. அந்தச் சத்தம் அவர் காதில் விழக் கூடாதே என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

மூன்று மணிக்கு வண்டி இருமியது; நாலைந்து தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. சூசை இறங்கி உருளையைத் திறந்து பார்த்தான். கரி பாதிதான் எரிந்திருந்தது, மற்றதெல்லாம் ஈரம். விற்றவன் எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்திருக்கிறான். "பாவிப் பய" என்று சூசை ஒரு கல்லை எட்டி உதைத்தான். பிறகு நிதானமாகப் பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பனை நிழலில் உட்கார்ந்தான். "செத்த நேரம் காயட்டும் அண்ணாச்சி. மல எங்கயும் ஓடிராது."

எனக்குப் பொறுக்கவில்லை. சேட்டைக் கேட்காமலே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்: பெட்டி, விரதம், இறால் உட்பட. பொழுது சாய்வதற்குள் மலையில் சாமியைப் பார்க்காவிட்டால் இந்த மனிதருக்கு நாளைக் காலை வரை தண்ணீர் இல்லை, நேற்று அஸ்தமித்ததிலிருந்து இப்போதே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றேன்.

சூசை பீடியைக் கீழே போட்டான். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பாறை சுட்டா என்ன, சாக்க விரிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே! நான் பாட்டுக்கு ஒரு மனுசனத் தண்ணியில்லாம சங்குக் குடோனெல்லாம் சுத்த வச்சிருக்கேன். என்ன ஆளுவ நீங்க?" என்று என்மேல் பாய்ந்தான். காலையிலிருந்து நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த திட்டு கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது.

தூரத்தில் புகை தெரிந்தது. பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கிற குடிசை. நானும் சூசையும் ஓடினோம். அடுப்படியில் ஒரு பெண் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். கரி வேண்டும் என்றதும் மூலையிலிருந்த சாக்கைக் காட்டி, "அள்ளிக்கிடுங்க" என்றாள். நான் பணம் எடுத்ததைப் பார்த்து, "கரிக்குத் துட்டா?" என்று சிரித்தாள். பனையோலைப் பட்டையில் எனக்குப் பதனீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் இதைக் கருப்பநீர் என்போம். எங்களுடையதைவிடச் சுண்ணாம்பு தூக்கல், ஆனால் அந்த வெயிலில் அமிர்தம்.

கரியைச் சுமந்துகொண்டு திரும்பியபோது அவளும் இன்னொரு பட்டையோடு கூட வந்தாள். காருக்குள் இருந்த சேட்டைப் பார்த்தவள், "ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு, இந்த ஐயாவுக்குக் குடுக்கலயா?" என்றாள். சாமியைப் பார்த்தால்தான் குடிப்பார் என்று சூசை விளக்கினான். அவள் பனைகளுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

"அதுக்கு எதுக்கு மல வரைக்கும்? எங்க சாமி இந்தா, பனைக்கு அங்கிட்டு நிக்காரு. பாத்துட்டுக் குடிக்கச் சொல்லுங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

நான் மொழிபெயர்த்தேன். சேட் காரிலிருந்து இறங்கி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் காட்டிய திசையில் சிவப்புத் துணி சுற்றிய கல்லையும் கும்பிட்டார். பிறகு பட்டையைத் தொடாமல் காரில் ஏறிக்கொண்டார். அவள் பட்டையைப் பிடித்தபடி நின்றது இப்போதும் எனக்குத் தெரிகிறது.

நாங்கள் மலையடிவாரத்தில் போய் நின்றபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அடிவாரத்து முருகன் கோயிலில் மணி அடித்தது. மலை என்று பெயரே தவிர, ஒரே பாறைதான்; யானை படுத்திருப்பது போலக் கிடந்தது. சூடு இன்னும் இறங்கவில்லை. சூசை சேட்டின் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். நான் செம்போடு பின்னால் ஏறினேன். ஏறும்போதெல்லாம் மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தேன். வாழ்நாளில் அதற்கு முன்பும் பின்பும் சூரியனை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

திடீரென்று பாறை முழுக்க உருவங்கள். சூசை பொய் சொல்லவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக, தலைக்குமேல் முக்குடையுடன் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் பழைய எழுத்துகள். எனக்கு ஒன்றும் வாசிக்க வரவில்லை. "சேட், பாருங்கள்!" என்று கத்தினேன். செம்பின் வாய்த்துணியை அவிழ்த்தேன்.

சேட் கும்பிடவில்லை. நின்றுகொண்டிருந்த உருவம் ஒன்றை மேலும் கீழும் பார்த்தார். அதன்மேல் துணியின் கோடு இல்லை. பிறகு அமர்ந்திருந்தவர்களின் கண்களைப் பார்த்தார்; அவருடைய வெண்கலச் சிலைக்கு இருப்பது போலப் பதித்த விழிகள் அவற்றில் இல்லை.

"இவர்கள் திகம்பரர்கள். ஆடையில்லாத பிரிவு. எங்கள் பிரிவு வேறு. இங்கே நாங்கள் வணங்குவதில்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் கூடப்பிறந்தவர்கள் அரை அடி வேலிக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலி இந்த மலை உச்சியிலும் வந்து நிற்கும் என்று யார் கண்டது? சூசை என்னவென்று கேட்டான், சொன்னேன். "சாமியிலயுமா பங்காளிச் சண்ட?" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருஷ எஜமான் என்பதை மறந்தேன். "இவர்கள் உங்கள் தீர்த்தங்கரர்கள்தானா, இல்லையா? ஆம் என்றால் கும்பிட்டுவிட்டுக் குடியுங்கள். இல்லை என்றால் வேலையை விட்டு இப்போதே போகிறேன். நீங்கள் என் கண்முன்னால் விழுந்து சாவதைப் பார்க்க என்னால் முடியாது!" என்று கத்தினேன். அழுதும் விட்டேன். சேட் பாறையோரமாக நடந்தார். சூரியன் ஒரு பனை உயரத்துக்கு இறங்கிவிட்டது.

பத்தடி போனவர் நின்றார். அங்கே ஒரு பெண்ணின் உருவம். பக்கத்தில் சிங்கம். அவள் கை ஒரு பிள்ளையின் தலைமேல் இருந்தது.

"அம்பிகா" என்றார் சேட். அவர் குரல் மாறிவிட்டது. "இவள் இங்கே எப்படி வந்தாள்?"

அவர் பிறந்தது குஜராத்தில், கிர்னார் மலையடிவாரத்தில். அந்த மலைமேல் தீர்த்தங்கரருக்குக் காவல் தெய்வமாக இருப்பவள் இவள்தான்; சிறு வயதில் தாயின் இடுப்பில் ஏறிப்போய் இவளைத்தான் பார்த்திருக்கிறார். இதெல்லாம் அவர் பிற்பாடு சொன்னது. அப்போது அவர் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இவள் காவல் இருக்கிற வீடு எனக்கு எப்படி வேறு வீடாகும்?" என்றார். எழுந்து திரும்பி வந்தார். முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே வரிசையின் முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார்.

அந்தப் பிரார்த்தனை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், தினமும் கேட்பதுதான். சூரியனைப் பார்த்தேன். விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தரம் தோளைத் தொட்டால் போதும், மூன்று மிடறு குடித்துவிடுவார். சூசை, "கூப்பிடுங்க அண்ணாச்சி, கூப்பிடுங்க" என்று என் முழங்கையை இடித்தான். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது சூரியன் இல்லை. மேற்கே பார்த்தார், செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் குடித்துக்கொள்ளலாம்" என்றார்.

அடிவாரத்துச் சத்திரத்தில் தங்கினோம். விடிந்ததும் அவர் குளித்துவிட்டு மலையேறினார். விரதம் ஒவ்வொரு நாளுக்கும் புதிது. நேற்றுப் பார்த்தது இன்றைக்குச் செல்லாது. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூசை ஊருக்குப் போகாமல் எங்களோடே இருந்தான். உதயமான பிறகு கல் கூட்டித் தண்ணீர் காய்ச்சி வடிகட்டி, அவனே செம்பைத் தூக்கி வந்தான். சூரியன் ஏறி இரண்டு நாழிகை ஆகும்வரை குடிக்கக் கூடாதாம்; அது ஆனதும் சேட் கையைக் குவித்தார். நான் ஊற்றினேன். முதல் மிடறு தொண்டையில் இறங்குவதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பினால் மறுநாள் எதைப் பார்ப்பது? ஆகவே பெட்டி வரும்வரை மலையடிவாரமே எங்கள் ஊராயிற்று. காயல்பட்டினத்து வியாபாரிக்கு ஆள் விட்டோம். அவர் முத்துப் பொட்டலத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, சத்திரத்துத் தாழ்வாரத்தில் துணியை விரித்து வியாபாரம் பேசினார். "முத்து வாங்க மலைக்கு வரச்சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தார். நான் தினமும் செம்போடு ஏறி இறங்கினேன், முழங்கால் தேய்ந்தது.

ஒன்பதாம் நாள் காலை, பம்பாயிலிருந்து ரயிலில் வந்த ஆள் சந்தனப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சேட் அறையிலேயே பெட்டியைத் திறந்து வைத்துக் கும்பிட்டார். நேரம் ஆனதும் தண்ணீர் குடித்தார், பாலும் குடித்தார். என் முழங்காலுக்கு விடுதலை என்று நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். இந்தத் தடவை பெட்டியை முதலில் எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது சேட் தடியோடு வாசலில் நின்றார்.

"எங்கே?"

"மலைக்கு."

"தண்ணீர்தான் குடித்தாயிற்றே சேட். இனி எதற்கு?"

"ஊருக்குப் போகிறோமே. அவர்களிடம் சொல்லிக்கொண்டு வரவேண்டாமா?" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.